அரை சதுர அடி

அவர் கேட்டது 50. வந்து இறங்கியது 500.

1923ம் ஆண்டு. அமெரிக்காவில் டெலவேர் என்று ஒரு துக்கினியூண்டு மாநிலம். அங்கே ஓஷன் வியூ என்கிற கடற்கரை கிராமத்தில் செசில் ஸ்டீல் என்று ஒரு குடும்பத்தலைவி இருந்தார். கணவருக்குக் கடலோரக் காவல் படையில் உத்தியோகம். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கட்டுமே என்று இந்தம்மா நாலு கோழி வளர்த்து முட்டை விற்றுக்கொண்டிருந்தார். கோழி என்றால் வயசாகும், செத்துப்போகும், நரி தூக்கிப் போகும். எனவே வருஷா வருஷம் 50 குஞ்சுகள் ஆர்டர் செய்வது வழக்கம்.

அந்த வருஷம் குஞ்சு பொரிப்பகத்தில் யாரோ ஒரு பூஜ்ஜியத்தைக் கூடப் போட்டுவிட்டார்கள்.

நீங்களாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நானும்தான். அந்த அம்மா அனுப்பவில்லை. ஒரு பெரிய பியானோ பெட்டியில் குஞ்சுகளைப் போட்டு வைத்துவிட்டு, அவசர அவசரமாக ஒரு கொட்டகை கட்டச் சொன்னார் என்பார்கள். இத்தனையையும் முட்டைக்காக வளர்த்துக் கட்டுப்படியாகாது. கறிக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். 18 வாரம். செத்தது போக 387 தேறின. ஒவ்வொன்றும் 2 பவுண்டுக்குச் சற்று மேல். பவுண்டு 62 சென்ட் என்று விலை போனது. அன்றைய தேதிக்கு அது கொள்ளை லாபம்.

அடுத்த வருஷம் 1,000 குஞ்சு. 1926ல் 10,000 கோழிகளுக்கு இடம் கட்டிவிட்டார். கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து கோழித் தவிடு கலக்க ஆரம்பித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க பிராய்லர் என்று ஒரு சமாசாரம் ஓடுகிறதே, அதன் ஆதி கதை இதுதான். 1940ல் ஒரு படகு விபத்தில் தம்பதி இருவரும் இறந்துபோனார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கொட்டகை ஒன்று பத்திரமாக இருக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்து, டெலவேர் பல்கலைக்கழக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆமாம், கோழிக்கொட்டகைக்கு அந்த மரியாதை.

அதன் அளவு 16க்கு 16 அடி. கொஞ்சம் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 256 சதுர அடி. அந்தக் காலத்தில் இந்த மாதிரி ஒரு கொட்டகைக்கு 500 குஞ்சு என்பது கணக்கு. வகுத்தால் தலைக்கு அரை சதுர அடி.

இந்த அரை சதுர அடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதே எண் இன்னொரு இடத்தில் வருகிறது. சுமார் 1,960 வருஷங்களுக்கு முன்னால்.

ரோமாபுரியில் வாரோ என்று ஓர் அறிஞர். ஜூலியஸ் சீசர் காலத்து ஆள். எழுதித் தள்ளியவர். 80 வயதில், கி.மு. 37 வாக்கில், விவசாயம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் கோழிக்கூடு கட்டுவது எப்படி என்று நம் ஊர் கொத்தனாருக்குச் சொல்வது மாதிரி அளவெடுத்துச் சொல்கிறார். 200 கோழி வளர்க்க வேண்டுமா? ஒட்டினாற்போல இரண்டு கூடு கட்டு. கிழக்கு பார்த்து இருக்கட்டும். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், அதில் பாதி அகலம். உயரம் அதற்கும் கொஞ்சம் குறைவு. ஜன்னல் இத்தனை அடி, அதில் வெளிச்சம் வரவேண்டும், ஆனால் பிராணிகள் நுழையக்கூடாது. உள்ளே உட்காருவதற்குக் குறுக்குக் கழிகள், முட்டையிட வரிசையாகக் கூடைகள்.

பத்துக்கு ஐந்து, இரண்டு கூடு. 100 சதுர அடி. 200 கோழி. தலைக்கு? அதே அரை சதுர அடி! (ரோமானிய அடி நம் அடியைவிட ஒரு பிடி சின்னது. அதை விட்டுவிடுவோம்.)

ஆக, இரண்டாயிரம் வருஷமாகக் கோழிக்கு ஒரே அளவு வீடுதான், செசில் அம்மாள் புதுசாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். வாரோ இன்னொரு வரி எழுதியிருக்கிறார். கூட்டுக்கு முன்னால் வேலி போட்ட ஒரு முற்றம் இருக்கவேண்டும். பகல் பொழுதெல்லாம் கோழிகள் அங்கேதான் இருக்கவேண்டும். மண்ணில் புரண்டு குளிக்க வேண்டும்.

விஷயம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வாரோவின் அரை சதுர அடி, கோழி ராத்திரி தூங்குவதற்கு. டெலவேரின் அரை சதுர அடி, கோழி வாழ்வதற்கு. எண் ஒன்று. நடுவில் ஒரு முற்றம் காணாமல் போய்விட்டது.

வாரோவுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து கொலுமெல்லா என்று ஒருவர் வந்தார். ஸ்பெயினில் பிறந்த ரோமர். அவர் இன்னும் கறார் பேர்வழி. ஒரு ஆள் 200 கோழிக்கு மேல் பார்த்துக்கொள்ள முடியாது என்று உச்சவரம்பே போட்டுவிட்டார். தவிர, மேயப்போகிற கோழிகளைக் கண்காணிக்க ஒரு சுறுசுறுப்பான கிழவியோ, ஒரு பொடியனோ கூட வேண்டுமாம். நம் ஊர் திண்ணைகளில் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்த பாட்டிகளை அவர் எங்கே பார்த்தாரோ!

நம் ஊரில் என்ன கதை?

இங்கே கூட்டுக்கு யாரும் சதுர அடி கணக்குப் போட்டதில்லை. மூங்கில் சிம்பில் பின்னிய பஞ்சாரம். அல்லது மண்ணால் எழுப்பிய குடாப்பு. சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குக் கோழிகள் தாமாகவே வந்து அடையும். எண்ணிப் பார்த்து, மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் கிடக்கும். யாரும் கவலைப்பட்டதில்லை. விடிந்ததும் திறந்துவிட்டால் புழக்கடை, குப்பைமேடு, களத்துமேடு, அடுத்த தெரு என்று ஊர் முழுக்க அதனுடையது.

சும்மா சொல்லவில்லை. மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. சண்டையில் செத்துப்போன ஒரு சேவலுக்கு, சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய கல். அந்தச் சேவலுக்குப் பெயர்கூட உண்டு: பொற்கொற்றி. அதைவிட முக்கியம், அதன் விலாசம். கீழ்ச்சேரிக் கோழி என்று கல்லில் இருக்கிறது. இன்னார் வீட்டுக் கோழி என்று இல்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த இன்னொரு கல் மேற்சேரியின் சேவல் ஒன்றைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் சேரி என்றால் ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தச் சேவல்கள் ஒரு குடியிருப்புக்கே சொந்தமாக இருந்திருக்கின்றன. தெருவில் மேய்ந்து, தெருவுக்காகச் சண்டை போட்டு, தெருவின் செலவில் கல் வாங்கியவை!

இன்னும் பின்னால் போனால் இது புரியும். கோழியின் மூதாதை காட்டுக்கோழி. அதை மனிதன் வலை போட்டுப் பிடித்து வந்து வளர்த்ததாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2022ல் வெளியான ஆராய்ச்சி முடிவு வேறு மாதிரி சொல்கிறது. தாய்லாந்தில் சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னால் மக்கள் நெல்லும் தினையும் பயிரிட ஆரம்பித்தார்கள். சிந்திய தானியத்தைத் தேடிக் கோழி தானாக மரத்தைவிட்டு இறங்கி வந்துவிட்டது. அதாவது, முதலில் முற்றம். அப்புறம்தான் கூடு.

அப்படியானால் அந்த முற்றத்தை எடுத்தது யார்? செசில் ஸ்டீலைக் குற்றம் சொல்லாதீர்கள். அவரால் தனியாக அது முடிந்திருக்காது. 1920களுக்கு முன்னாலும் கோழியை நாள் முழுக்க அடைத்து வைத்து வளர்க்க எத்தனையோ பேர் முயன்று பார்த்தார்கள். கோழி கால் மடங்கி விழுந்துவிடும். எலும்பு வளைந்துபோகும். குளிர்காலத்தில் அடைத்தால் அவ்வளவுதான். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1920களின் தொடக்கத்தில்தான் வைட்டமின் டி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வெயில் உடம்பில் பட்டால் அது உண்டாகிறது. வெயில் இல்லாவிட்டால் மீன் எண்ணெயில் கிடைக்கிறது.

அவ்வளவுதான். வெயிலைப் பாட்டிலில் பிடித்தாகிவிட்டது! தீவனத்தில் நாலு சொட்டு மீன் எண்ணெய் கலந்தால் கோழிக்கு வெயில் தேவையில்லை. முற்றமும் தேவையில்லை. நிலத்தின் விலை ஏற ஏற, முற்றம் என்பது லெட்ஜரில் ஒரு வீண் செலவாகத் தெரிய ஆரம்பித்தது. நான் பி.காம். படித்தவன். அந்த லெட்ஜரின் நியாயம் எனக்குப் புரிகிறது. சொல்லப்போனால் அதுதான் பயமாக இருக்கிறது.

அடுத்து கம்பிக் கூண்டு வந்தது. இங்கிலாந்தில் 1964ல் ரூத் ஹாரிசன் என்கிற பெண்மணி ஒரு புத்தகம் எழுதி இந்தக் கூண்டுகளை ஊருக்குக் காட்டிக்கொடுத்தார். ஏகப்பட்ட கூச்சல். அரசாங்கம் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1965ல் அறிக்கை வந்தது. ஒரு பிராணிக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும். இதைச் சொல்ல ஒரு கமிட்டி! ஆனால் அதையும் ஐரோப்பா சட்டமாக்கி, வெறும் கம்பிக் கூண்டை முழுசாக ஒழிக்க 2012 ஜனவரி 1 வரை ஆனது.

நடுவில் நடந்த ஒரு ஆராய்ச்சிதான் எனக்குப் பிடித்தது. 1989ல் மரியன் டாகின்ஸ், சில்வியா ஹார்டி என்று இரண்டு பேர் ஒரு காரியம் செய்தார்கள். கோழியை மேலேயிருந்து படம் பிடித்து, அது என்ன செய்யும்போது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தார்கள். சும்மா நின்றால் சராசரியாக 475 சதுர சென்டிமீட்டர். திரும்பினால் 1,272. இறக்கையை அடித்துக்கொண்டால் 1,876.

அரை சதுர அடி எவ்வளவு தெரியுமா? 465 சதுர சென்டிமீட்டர்.

பாருங்கள், வாரோ எவ்வளவு கில்லாடி என்று! எந்தக் கேமராவும் இல்லாமல், தூங்குகிற கோழிக்குத் தேவையான இடத்தை அச்சு அசலாகச் சொல்லிவிட்டார். அவ்வளவில் கோழி நிற்கலாம். நின்றபடி தூங்கலாம். வேறு ஒன்றும் செய்யமுடியாது. இறக்கை அடிக்க 2 சதுர அடி வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல் கூண்டுகளைத் திட்டிவிட்டு ஆம்லெட் சாப்பிடுகிற ஜாதி இல்லை நான். 1989ல் தமிழ்நாட்டுச் சத்துணவில் முதன்முதலாக முட்டை வந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். 2010ல் வாரம் 5 ஆனது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் தினம் ஒரு முட்டை விழுகிறது என்றால், அதைப் பஞ்சாரத்துக் கோழியை நம்பிச் செய்திருக்க முடியாது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை போட்டால் பெரிய விஷயம். பண்ணைக் கோழி முந்நூறு போடுகிறது. அந்த முட்டைக்கு நாம் கொடுக்காத விலையைக் கூண்டுக்குள் கோழி கொடுக்கிறது. 2017ல் நம்முடைய சட்ட ஆணையம் தன்னுடைய 269வது அறிக்கையை முழுக்க முழுக்கக் கோழிகளை வைத்திருக்கும் விதத்துக்காகவே ஒதுக்கியது. சுலபமாகத் தீராத வழக்கு அது.

ஆனால் வீட்டில் கோழி வளர்க்கிறவருக்கு அந்த லெட்ஜர் கிடையாது. பத்து முட்டையை வைத்து யாரும் கோட்டை கட்டப் போவதில்லை. பிறகு ஏன் அந்த அரை சதுர அடியைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டும்?

ஆவடி தாண்டி கோவில்பதாகையில் நண்பர் ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். ஏரியும் பெருமாள் கோயிலுமாக ஒரு காலத்தில் கிராமமாக இருந்த இடம். 1960களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது, வேலைக்கு ஆள் வந்தது, ஆளுக்கு வீடு வந்தது. 2019ல் ஆவடி மாநகராட்சியே ஆகிவிட்டது. 1955ல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். இன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் மண்ணைச் சதுர அடியில் விற்கிறார்கள்.

நண்பருடையது அரை கிரவுண்டு. 1,200 சதுர அடி. கிராமத்தைக் காலி செய்துவிட்டு அம்மா இவரோடு வந்துவிட்டார். பகலெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். கோழி வாங்கிக் கொடுத்தால் அம்மாவுக்குப் பொழுது போகும் என்று மகனுக்கு யோசனை. நல்ல யோசனைதான். கடையில் மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு பார்த்து வைத்திருந்தார். நாலுக்கு இரண்டு அடி, மூன்று தட்டு. 40 கோழி அடையும் என்று கடைக்காரர் உத்தரவாதம். 24 சதுர அடியை 40ஆல் வகுத்துப் பாருங்கள். எங்கே சுற்றினாலும் அந்த அரை சதுர அடியும் ஒரு துணுக்கும்தான்!

அம்மா படத்தைப் பார்த்தார். “ராத்திரிக்கு இது சரிப்பா. பகல்ல எங்க மேயும்?” என்றார்.

வாரோ படிக்காத அம்மா.

பிறகு நானும் நண்பரும் டேப் எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனோம். 20 அடி அகலம், 9 அடி ஆழம். 180 சதுர அடி. செப்டிக் டேங்க் மூடி, மோட்டார், துவைக்கிற கல் என்று 60 போய்விட்டது. மிச்சம் 120. ராத்திரிக் கூட்டுக்குக் கோழிக்கு 2 முதல் இரண்டரை சதுர அடி தாராளம். பகலில் மேய, கிளற, சண்டை போட்டுத் தப்பி ஓட 10 சதுர அடியாவது வேண்டும். கணக்கு தானாக வந்து நிற்கிறது. நாலுக்கு ஐந்தில் ஒரு கூடு, 20 சதுர அடி. முற்றம் 100. எட்டு கோழி.

நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. நாற்பது எங்கே, எட்டு எங்கே!

எட்டும் எட்டாக இருக்காது என்பது அடுத்த சிக்கல். ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் பத்துக் குஞ்சு. இரண்டு மாசத்தில் அவை இடம் கேட்கும். மூன்று மாசத்தில் ஒன்றையொன்று கொத்தும். கோழி வளர்த்துக் கைசுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கையில் இருக்கிற எண்ணிக்கைக்குக் கூடு கட்டுவார்கள். இருப்பு ஏறும்போது கூடு ஏறாது. நெரிசலில் ஈரம் தங்கும், நாற்றம் எடுக்கும், பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு கிளம்பும். அப்புறம் ஒருநாள் வெள்ளைக்கழிச்சல் வரும். 1920களின் கடைசியில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத்தில் அடையாளம் கண்டதால் இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். ராணிக்கேத் நோய். தடுப்பூசி போடாத கூட்டுக்குள் புகுந்தால் ஒரு வாரத்தில் கூடு காலி. கூட்டம் நெருக்கமாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். புழக்கடைக் கோழிகளுக்கென்று தமிழ்நாட்டில் பொதுவாக பிப்ரவரியில் இலவச முகாமும் நடத்துகிறார்கள்.

திசை விஷயத்தில் மட்டும் ரோமாபுரியைக் கேட்கவேண்டாம். அங்கே குளிர். காலை வெயிலுக்காகக் கிழக்கே பார்க்கச் சொன்னார்கள். கொலுமெல்லா இன்னும் ஒரு படி மேலே போய், அடுப்புப் புகை கூட்டுக்குள் போகட்டும் என்கிறார். நம் ஊர் மே மாசத்தில் அப்படிச் செய்தால் கோழி வெந்தே போகும். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கத்தான் தெரியும். நமக்குக் கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். வலை அடித்த பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது, காற்று மட்டும் போகும். தகரத்துக்குப் பதில் கீற்று. ஐப்பசி மழையில் புழக்கடையில் தண்ணீர் நிற்கிற பேட்டை அது. கூட்டின் தரை இரண்டு அடி உசந்து இருக்கட்டும். பெருச்சாளியும் கீரியும் சாதாரண கோழிவலையைக் கடித்துவிடும். கீழ்ப்பக்கம் வெல்டு மெஷ்தான்.

ஒரு விஷயத்தில் கொலுமெல்லா இன்றைக்கும் சரி. கோழி உட்காரும் கழி உருண்டையாக இருக்கக்கூடாது, கால் வழுக்கும், சதுரமாகச் செதுக்கு என்றார். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம். ஐந்தடிக் கூட்டில் இரண்டு கழி போட்டால் எட்டும் வரிசையாக உட்கார்ந்துவிடும். முட்டையிட ஓரடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி. முற்றத்து மூலையில் சாம்பலும் மணலும் கொட்டிய ஒரு குழி. அதில் புரண்டுதான் கோழி பேனை உதிர்க்கும்.

எட்டில் ஏழு பெட்டை, ஒரு சேவல் என்று பேச்சு. சேவல் அதிகாலை நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுப் படுக்கையறை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நண்பர் சேவலே வேண்டாம் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் தானே போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.